வேளைக் கட்டணமும் வீட்டு மின்னிணைப்பும்

பொருள்களின் விலை வேளைக்கு வேளை மாறுதல் நம் நாட்டார்க்குப் புதுமையன்று. விடியற்காலையில் சந்தைக்கு வரும் கீரைக்கு ஒரு விலை. அந்தி சாய்ந்தபின் வாடிக் கிடக்கும் அதே கீரைக்கு மற்றொரு விலை. முகூர்த்த நாளில் மல்லிகைக்குக் கொடுத்த விலையை மறுநாள் ஒருவரும் கொடார். ஆயினும் மின்சாரம் ஒன்று மட்டும் நம் இல்லங்களில் நெடுங்காலம் இவ்வியல்புக்குப் புறம்பாய் நின்றது. நண்பகலில் செலவிடினும் நள்ளிரவில் செலவிடினும் வீட்டு மீட்டர் ஒரே கணக்கையே எழுதி வந்தது. எத்துணை யூனிட் என்பதே வினாவாயிருந்தது; எவ்வேளையில் என்று கேட்பார் இலர். அந்நிலை இப்போது மாறத் தொடங்கியுள்ளது. அம்மாறுதலால் பயன்பெறக் கருதி வீட்டு மின்னிணைப்பைப் பெருக்கிக்கொள்வது தக்கதோ, தகாததோ என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், விலை ஏன் வேளைக்கு வேளை மாறவேண்டும் என்பதைத் தெளிதல் நன்று. நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். நீரை ஏரியில் தேக்கி வைக்கலாம். மின்சாரத்தையோ அங்ஙனம் பெருந்தொகையாய்ச் சேமித்து வைத்தல் எளிதன்று. சேமிக்கும் மின்கலங்கள் இற்றைநாள் பெருகி வரினும், பெரும்பகுதி மின்சாரம் ஆக்கப்படும் அந்நொடியிலேயே செலவிடப்படல் வேண்டும். கதிரவன் ஒளியினின்று மின்சாரம் எடுக்கும் பலகைகள் நாடெங்கும் பரவியதனால், நண்பகலில் மின்சாரம் மலிந்து கிடக்கின்றது. கதிரவன் மறையும்போது அவ்வூற்று வற்றுகின்றது. சரியாக அவ்வேளையிலேதான் வீடுதோறும் விளக்கும் விசிறியும் அடுப்பும் ஏ.சி.யும் ஒருங்கே விழித்தெழுகின்றன. பகலில் தாழ்ந்து மாலையில் செங்குத்தாய் எழும் இத்தேவையின் வரைபடத்தைக் கண்டு, கலிபோர்னியா நாட்டு மின்துறையார் 2013-ஆம் ஆண்டில் அதனை 'வாத்து வளைவு' என்று அழைத்தனர். வாத்தின் வயிறு நண்பகல். நிமிர்ந்த கழுத்து மாலைப்பொழுது. அந்தக் கழுத்தின் சில மணிநேரத் தேவைக்காகவே கூடுதல் மின்நிலையங்களைக் காத்து வைத்திருக்க வேண்டியுள்ளது. அச்செலவை எவரேனும் ஏற்றுத்தானே ஆகவேண்டும்?

இதனைக் கருதியே இந்திய அரசு 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. அத்திருத்தத்தின்படி ஒரு நாளில் எட்டு மணிநேரம் 'கதிரவன் வேளை' எனக் குறிக்கப்படும். அவ்வேளையில் மின்சார விலை வழக்கமான விலையினும் நூற்றுக்கு 20-க்குக் குறையாமல் தாழ்ந்திருத்தல் வேண்டும். தேவை மிக்க உச்ச வேளையில், வாணிகத்தார்க்கும் தொழிற்சாலைகளுக்கும் நூற்றுக்கு 20-க்குக் குறையாமலும், மற்றையோர்க்கு நூற்றுக்கு 10-க்குக் குறையாமலும் விலை உயர்ந்திருத்தல் வேண்டும். உழவர்க்கு இதனின்று விலக்கு அளிக்கப்பட்டது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வாணிக, தொழில் நுகர்வோர்க்கு 2024 ஏப்ரல் முதல் நாளும், மற்றையோர்க்கு 2025 ஏப்ரல் முதல் நாளும் எல்லையாகக் குறிக்கப்பட்டன. வேளைவாரியாகக் கணக்கெழுத வல்ல ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட இடத்தில், பொருத்திய உடனே இம்முறை நடைபெற வேண்டும் என்பதும் விதி. பழைய மீட்டர் மொத்தக் கணக்கை மட்டுமே அறியும். ஆகலின் அஃதுள்ள வீட்டில் இம்முறை இயலாது. நம் அண்டை நாடாகிய கேரளத்தில், திங்கள்தோறும் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் இல்லத்தார்க்கு, 2025 ஜனவரியில் பகல் விலை நூற்றுக்கு 10 குறைக்கப்பட்டு, மாலை 6 மணி முதல் 10 மணி வரையுள்ள விலை நூற்றுக்கு 25 உயர்த்தப்பட்டது.

இச்செய்தி பரவவே, ஒருசாரார் கூறும் அறிவுரையும் உடன் பரவுகின்றது. "மலிவான வேளை சில மணிநேரமே. அதற்குள் வேண்டியதனைத்தையும் விரைந்து இழுத்துக்கொள்ளும் ஆற்றல் வீட்டிற்கு வேண்டும். ஆதலின் ஒருமுனை இணைப்பை மும்முனையாக்குக, அனுமதிக்கப்பட்ட மின்பளுவை இருமடங்காக்குக" என்பர் அவர். இவ்வறிவுரை பொய்யன்று. ஆனால் அது பிறந்த மண் வேறு. நம் மண் வேறு. இவ்வேறுபாட்டை உணராது அதனை அப்படியே கைக்கொள்வது பொருட்கேடு விளைக்கும் என்பதே எம் கருத்து.

அவ்வறிவுரை தழைத்த நாடுகளுள் தலையாயது பிரிட்டன். ஆங்கு 1978-ஆம் ஆண்டிலேயே 'எக்கானமி 7' என்னும் பெயரால் இரவில் ஏழு மணிநேரத்துக்குக் குறைந்த விலை ஏற்படுத்தப்பட்டது. இரவு முழுதும் கனத்த செங்கற்களைச் சுடவைத்து, பகலில் அவ்வெப்பத்தை அறைக்குள் விடும் கருவிகளை மக்கள் வீட்டில் நிறுத்தினர். பின்னர் 2018-ஆம் ஆண்டில் அரைமணிக்கு ஒருமுறை விலை மாறும் திட்டமும் அந்நாட்டில் தோன்றியது. அங்கே மின்காரை வீட்டு வாயிலில் நிறுத்தி, வீட்டார் உறங்கும்போது மலிவு விலையில் மின்னேற்றுகின்றனர். பழைய வீடுகளில் 60 ஆம்பியர் ஃப்யூஸே இருக்கும். காரும், வெப்பமூட்டும் கருவியும், சமையலடுப்பும் ஒருங்கே இயங்க அது போதாதாயின், 80 அல்லது 100 ஆம்பியராக அதனை உயர்த்திக்கொள்கின்றனர். மலிவு வேளையில் மனிதரும் வீட்டில் உளர். வண்டியும் வீட்டில் உளது. ஆகவே அவர் வீட்டு இணைப்பைப் பெருக்குதல் பொருத்தமே.

நம் நாட்டின் நிலை யாது? நமக்கு மலிவு வேளை கதிரவனோடு வருகின்றது. அவ்வேளையில் தந்தையார் அலுவலகத்தில், தாயார் பள்ளியிலோ கடையிலோ பணியில், பிள்ளைகள் கல்லூரியில், வண்டியோ அலுவலகத்து மரநிழலில். பூட்டிய வீட்டுக்கு மும்முனை இணைப்பு வாங்கி வைத்து, அங்கில்லாத காருக்கு நண்பகல் மலிவை எங்ஙனம் ஊட்டுவது? இவ்வொரு வினாவே, கடன்பெற்றேனும் இணைப்பைப் பெருக்க விரையும் பலரைச் சற்று நிறுத்தி எண்ணச் செய்யும்.

இனி, இணைப்பின் அளவையும் தேவையின் அளவையும் ஒப்பிட்டுக் காண்போம். 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் 16 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 3.7 கிலோவாட் கிடைக்கும். 32 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 7.4 கிலோவாட். மும்முனையில் ஒவ்வொரு முனைக்கும் 16 ஆம்பியர் எனின் மொத்தம் 11 கிலோவாட். சிறிய மின்கார் ஒரு யூனிட்டில் ஆறேழு கிலோமீட்டர் ஓடவல்லது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் செல்பவர்க்கு வேண்டியது ஏறத்தாழ 6 யூனிட்டே. 3 கிலோவாட் அளவில் ஏற்றினால் இரண்டு மணிநேரத்தில் அது நிறைவுறும். மலிவு வேளையோ எட்டு மணிநேரம்! இருசக்கர மின்வண்டிக்கோ இதனிற் பாதியும் வேண்டா. எட்டு மணிநேரம் மெல்லப் பெய்யும் மழையில் நிறையும் தொட்டிக்கு வெள்ளம் எற்றுக்கு?

பொருட்கணக்கும் பார்ப்போம். கணக்கின்பொருட்டு வழக்கமான விலை யூனிட்டுக்கு 6 ரூபாய் எனக் கொள்வோம். விதியின் குறைந்த அளவுப்படி கதிரவன் வேளையில் அது 4 ரூபாய் 80 காசு. உச்ச வேளையில் 6 ரூபாய் 60 காசு. நாளொன்றுக்கு 6 யூனிட் செலவை உச்ச வேளையினின்று கதிரவன் வேளைக்கு மாற்றுவார், நாளுக்கு 10 ரூபாய் 80 காசும், திங்களுக்கு 324 ரூபாயும் மிச்சம் பிடிப்பர். முன்னரே நள்ளிரவில் வழக்கமான விலைக்கு ஏற்றி வந்தவர் பெறும் மிச்சமோ திங்களுக்கு 216 ரூபாயே. இனி மறுபக்கம் நோக்குக. பல மாநிலங்களில் நிலைக்கட்டணம் அனுமதிக்கப்பட்ட மின்பளுவின் கிலோவாட் கணக்கில் விதிக்கப்படுகின்றது. வேளைச் சலுகையோ செலவிட்ட யூனிட்டின் விலைக்கு மட்டுமே உரியது. நிலைக்கட்டணத்துக்கு அஃது இல்லை. கிலோவாட்டுக்குத் திங்கள்தோறும் 100 ரூபாய் நிலைக்கட்டணம் எனக் கொண்டால், 4 கிலோவாட் கூட்டிக்கொண்டவர் 400 ரூபாய் கூடுதலாய்க் கொடுப்பர். 324 ரூபாயை மிச்சம் பிடிக்க 400 ரூபாய் செலவிடுதல் சிக்கனம் ஆகுமோ? இணைப்பு மாற்றத்துக்கும் புதுக் கம்பிக்கும் கொடுக்கும் தொகையை யாம் இக்கணக்கிற் சேர்த்திலேம்.

மேலும், அதே 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மற்றொரு விதியும் உண்டு. ஒரு நிதியாண்டில் மூன்று திங்களேனும் ஒரு வீட்டின் உச்சப்பளு அனுமதிக்கப்பட்ட அளவை மிஞ்சுமாயின், அங்ஙனம் மிஞ்சிய திங்கள்களின் அளவுகளுள் மிகக் குறைந்ததே புதிய அனுமதிப்பளுவாகக் கொள்ளப்படும். மலிவு வேளை தொடங்கியதும் கீசர், இஸ்திரிப்பெட்டி, ஏ.சி., மோட்டார் என்று அனைத்தையும் ஒருங்கே முடுக்குவோர், தாம் வேண்டாமலே மின்பளு உயரும் நிலைக்கு ஆளாவர். ஒன்றன்பின் ஒன்றாய் முடுக்குவோர்க்கு அவ்விடர் இல்லை. எட்டு மணிநேரத்தை எட்டுப் பங்காய்ப் பகுத்துப் பயன்கொள்ளும் இல்லத்தரசியின் சிக்கனம், தடித்த கம்பி தருவதினும் பெரும்பயன் தருவதாகும்.

எவற்றை வேளை மாற்றுவது என்பதிலும் அறிவு வேண்டும். மாவரைக்கும் கிரைண்டர் ஏறத்தாழ 150 வாட் அளவே கொள்வது. அதன்பொருட்டு வீட்டார் தம் வழக்கத்தைக் குலைத்துக்கொண்டு அல்லலுறுதல் வீண். வெப்பம் ஆக்குவனவும், குளிர் ஆக்குவனவும், பெருமோட்டார்களும், வண்டி மின்னேற்றமுமே கணக்கிற் கொள்ளத்தக்கன. 2 கிலோவாட் கீசர் அரைமணியில் ஒரு யூனிட்டை விழுங்கும்; 1 கிலோவாட் இஸ்திரிப்பெட்டி முழுச்சூட்டில் ஒருமணி இயங்கினால் ஒரு யூனிட். பிரிட்டனார் செங்கல்லில் வெப்பத்தைச் சேமித்தனர் என்றோம். நமக்கோ மாடித் தொட்டியே சேமிப்பறை. நண்பகலில் ஏற்றிய நீர் மாலைக்கும் மறுநாட் காலைக்கும் உதவும். இதற்கு இணைப்பைப் பெருக்க வேண்டுவதில்லை. ஒரு டைமர் ஸ்விட்ச் போதும்.

இணைப்பைப் பெருக்கவே கூடாது என்று யாம் கூறுவதாக அன்பர்கள் எண்ணற்க. பல குடும்பம் ஒரு கூரையின்கீழ் வாழும் பெருவீடு, மூன்று நான்கு ஏ.சி.யும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் உள்ள வீடு, பகலிலும் ஆளிருந்து தொழில் நடத்தும் வீடு ஆகியவற்றுக்கு மும்முனை இணைப்பு உண்மைத் தேவையாகலாம். புதிதாக வீடு கட்டுவோர், பிற்காலத்துக் கம்பி செல்லும்பொருட்டுச் சுவரினுள் அகன்ற குழாயை இப்போதே பதித்து வைத்தல் அறிவுடைமை. பின்னர்ச் சுவரை உடைக்கும் செலவு மிகும். ஆனால் குழாய் பதித்தல் வேறு. மின்பளுவுக்கு இன்றே கட்டணம் கட்டத் தொடங்குதல் வேறு.

எல்லா வீட்டிலும் தயங்காது செய்யத்தக்க மேம்பாடு ஒன்று உண்டு, அது காவற்குரியது. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இருமடங்கானால் அதில் பிறக்கும் சூடு நான்மடங்காகும். சில நிமிடமே சூடேறும் இஸ்திரிப்பெட்டியைத் தாங்கிய பழைய பிளக், இரண்டு மூன்று மணிநேரம் இடைவிடாது ஓடும் மின்னேற்றத்தைத் தாங்காது உருகுதல் கூடும். ஆகவே தளர்ந்த இணைப்புகளை இறுக்குதல், எர்த் சரியாயுளதா எனச் சோதித்தல், வண்டிக்கெனத் தனிக்கம்பியும் தனி ஸ்விட்சும் அமைத்தல், மின்கசிவு நேர்ந்த நொடியே ஓட்டத்தை நிறுத்தும் ஆர்.சி.டி. என்னும் உயிர்காப்புக் கருவியைப் பொருத்துதல் ஆகிய இவையே முதற்செலவுக்கு உரியன. இவற்றைச் செய்யாது மலிவு வேளையை நாடுதல், கரையை உயர்த்தாது ஏரியை நிரப்புதல் போலாம்.

ஒரு வீட்டின் நலத்தோடு தெருவின் நலமும் எண்ணத்தக்கது. எல்லாரும் இணைப்பைப் பெருக்கிக்கொண்டு, மலிவு வேளை பிறந்த அதே நொடியில் மின்னேற்றத் தொடங்கினால், தெருமுனை டிரான்ஸ்பார்மர் என்னாகும்? பழைய உச்சத்தைத் தாழ்த்தப் புகுந்து புதிய உச்சத்தைப் படைத்தவர் ஆவோம். இவ்விடரை முன்னுணர்ந்தே, 2022 ஜூன் 30 முதல் பிரிட்டனில் விற்கப்படும் வீட்டு மின்னேற்றக் கருவிகள், தொடங்கும் நேரத்தைப் பத்து நிமிடம் வரை தாமாகவே முன்பின்னாகச் சிதறடித்துக்கொள்ள வேண்டும் என விதிக்கப்பட்டது. பத்து நிமிட ஒழுங்கு ஒரு நாட்டின் மின்வலையைக் காக்கின்றது.

இனி எம் உள்ளத்தை மிகவும் உறுத்தும் பகுதிக்கு வருவோம். மலிவு வேளையின் பயன் யாரைச் சேரும்? பகலில் வீட்டிலிருக்க வாய்த்தவரை, சொந்த வீடுடையவரை, மின்கலமும் வண்டியும் வாங்க வல்லவரை. உச்ச வேளையின் சுமை யாரைச் சேரும்? பகலெல்லாம் உழைத்து, விளக்கேற்றிய பின் வீடு திரும்பிச் சமைப்பவரை. மீட்டரைத் தொடவும் உரிமையற்ற வாடகைக் குடியினரை. மாணவரின் படிப்பு வேளையும் அதே மாலைப்பொழுதுதான். இவ்விடத்தும் அச்சத்தை அளவிட்டறிதல் தகும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாளுக்கு நான்கு மணிநேரம் எரிந்தால் திங்களுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். 75 வாட் விசிறி அவ்வளவே சுழன்றால் 9 யூனிட். முற்கூறிய விலையில் உச்ச வேளைக் கூடுதல் திங்களுக்கு 6 ரூபாய் அளவே. ஆகவே மாணவன் விளக்கை அணைத்துவிட்டு உறங்க வேண்டுவதில்லை. ஆயினும் மாலையில் மின்னடுப்பில் சமைத்தே ஆகவேண்டிய ஏழைக்குச் சுமை உண்டு. கேரளத்தார் 250 யூனிட்டுக்கு மேற்பட்டார்க்கே இம்முறையை வகுத்தது இக்காரணத்தால் போற்றத்தக்கது. சிறு நுகர்வோரை உச்ச விலையினின்று காத்தல் எந்த மாநில ஆணையத்துக்கும் முதற்கடமை என்பது எம் துணிபு.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. முன்னரே அறிவித்த வேளையில் அறிவித்த விலை என்பது ஒன்று. சந்தை விலை ஏறியிறங்கும்போதெல்லாம் வீட்டு விலையும் ஏறியிறங்குதல் என்பது மற்றொன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டாம் வகையை மேற்கொண்ட இல்லத்தார் சிலர், 2021 பிப்ரவரியில் பெரும்பனி வீசியபோது, மொத்தச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை உயர, சில நாளிலேயே ஆயிரக்கணக்கான டாலர் கடனாளிகள் ஆயினர். நம் விதிகள் வகுத்திருப்பது முதல் வகையே. அவ்வெல்லையைத் தாண்டாதிருத்தல் நன்று.

அங்ஙனமாயின் இணைப்பை எங்கே பெருக்குவது? நண்பகலில் மக்களும் வண்டிகளும் எங்கே நிற்கின்றனரோ ஆங்கே பெருக்குக. அலுவலகம், ஆலை, மருத்துவமனை, கல்லூரி ஆகியவையே கதிரவன் வேளையின் உண்மையான வீடுகள். நூறு வீடுகள் தனித்தனியே மின்பளுவை உயர்த்துவதினும், அந்நூற்றுவர் பணிசெய்யும் ஓரிடத்து வண்டிநிறுத்தத்தில் மின்னேற்ற வசதி அமைப்பது சிக்கனம். நம்போன்ற கல்லூரிகள் இதில் வழிகாட்டலாம்: விடுதித் தொட்டிகளுக்கு நண்பகலில் நீரேற்றலாம், ஆசிரியர், ஊழியர், மாணவர் வண்டிகளுக்குப் பகலில் மின்னேற்ற இடம் ஒதுக்கலாம், கூரையிற் பலகை நிறுத்தலாம். பழைய மாணவராய் இன்று அலுவலகங்களை நடத்தும் பெரியோர்களும், தத்தம் இடங்களில் இதனைச் செய்யலாம். அவர்தம் வாயிற்காப்போனின் இருசக்கர வண்டியும் மேலாளரின் காரும் ஒரே மலிவு விலையில் மின்னேறும் இடமே நீதியான இடம்.

சுருங்கக் கூறின், முதலில் வீட்டின் கம்பிகளைக் காவலுடையன ஆக்குக; அடுத்து வேலைகளை வேளைக்கேற்ப வரிசைப்படுத்துக; ஓராண்டு மீட்டர்க் கணக்கைப் பார்த்து, அதன்பின்னும் போதாதெனத் தெளிந்தாலன்றி இணைப்பைப் பெருக்க விரையற்க. மின்சாரத்துக்கு வேளை உண்டு என்பதை நமக்கு மீட்டர் கற்பிக்கப் புகுந்துள்ளது. அவ்வேளையின் பயன் வசதியுடையார்க்கு மட்டும் ஆகாமல், பகலெல்லாம் பிறர் இடத்தில் உழைப்பார்க்கும் எட்டுமாறு செய்தல், இடத்தை ஆளும் நிறுவனங்களின் கையில் உள்ளது. நம் கல்லூரி அதனைத் தொடங்குமாயின் யாம் பெரிதும் மகிழ்வோம்.